சுபேதார் அம்மா எட்டிப் பார்க்க நினைத்த பள்ளத்தாக்கு

தையற்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் மஞ்சள் இஞ்சு டேப் அது. அதை வைத்துக்கொண்டு, புனேக்கு அப்பால் வரந்தா என்ற மலைப்பாதையின் உச்சியில், பள்ளத்தாக்கின் ஓரமாகக் கட்டியிருந்த கைப்பிடிச் சுவரை அளந்துகொண்டிருந்தேன். மூன்று அடி ஒன்பது அங்குலம். டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிப் போட்டு அதில் உட்கார்ந்து பார்த்தேன். சுவர் மறைத்தது, எதிர்மலையின் தலை மட்டும் தெரிந்தது. அப்படியானால் நாற்காலி உதவாது, பஸ் ஜன்னல்தான் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்கள் ஆபீஸ் பஸ்ஸை ஓட்டும் டிரைவர் காக்கா (மராத்தியில் சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பீடியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடம், பள்ளத்தாக்கையும் அளந்துடுவீங்களா?" என்று இந்தியில் கேட்டார். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர். அதனால் அந்தக் கிண்டல்கூட எனக்கு இனித்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. எனக்கு இருபத்திரண்டு வயது. புனே கேம்ப் பகுதியில் ஒரு சிறிய சுற்றுலா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா வானவடியில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான்; பட்டமும் வாங்கினேன். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுத, மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்வார். சேர்ந்த புதிதில் அது எனக்குத் தினமும் ஒரு ஆச்சரியமாக இருந்தது. கையெழுத்துக்குப் பதிலாக அப்பா வைக்கும் கட்டைவிரல் மையை எத்தனையோ தரம் துடைத்துவிட்டிருக்கிறேன். காகிதத்தில் எழுதப்பட்டதுதான் உண்மை, வாயால் சொல்வது அந்தந்த நேரத்துப் பேச்சு என்ற எண்ணம் எனக்குள் எப்போது ஊறியதென்று தெரியவில்லை.

சுபேதார் அம்மா, என் அம்மா வேலை செய்த நான்கு வீடுகளில் ஒன்றின் சொந்தக்காரி. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி. அவர்களும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள்தான். கனத்த உடம்பு, தேய்ந்துபோன இரண்டு முழங்கால், சீக்கிரம் மூச்சு வாங்கும் இதயம். நாற்காலியிலிருந்து மேஜை, மேஜையிலிருந்து கதவு என்று பிடித்துப் பிடித்துத்தான் வீட்டுக்குள் நடப்பார். வாய் மட்டும் ஓடும். எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல அம்மா என்னை அழைத்துப்போனபோது, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "உன் பொண்ணு ஆபீசர் ஆயிடுச்சி. இனிமே அது எனக்கு சலாம் வெக்கணுமா, நான் அதுக்கு வெக்கணுமா? இப்பவே சொல்லிடு, கை வேற வலிக்குது."

சுபேதார் ஐயா பார்க்காத மலை இல்லை. காஷ்மீர், சிக்கிம், அருணாசலம் என்று எல்லா மலைகளின் முன்னும் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அந்தக் கூடத்துச் சுவரில் வரிசையாக இருக்கும். அந்த வருடங்களில் எல்லாம் சுபேதார் அம்மா பிள்ளைகளோடு குவார்ட்டர்சில் இருந்தார். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய், ஐயா ஓய்வுபெற்று வந்து சேர்ந்தபோது முழங்கால் போய்விட்டது. மழைக்காலம் முடிந்ததும் அக்கம்பக்கத்தார் மலைப்பக்கம் போய்வந்து அருவி, மேகம், பள்ளத்தாக்கு என்று கதை சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பூனாவுக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சி. நான் பாத்த பள்ளமெல்லாம் இந்த ரோட்டுல கீற பள்ளம்தான்" என்பார். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் வேணாம். ஒருவாட்டி எட்டிப் பாக்கணும். கீழ இன்னா கீதுன்னு. அவ்ளோதான்."

ஆகவே, வானவடித் தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்கள் பதினான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு சுபேதார் ஐயா எங்கள் ஆபீசுக்கு வந்து, "முழங்கால் போனவங்களுக்கும் ஒரு மலை காட்ட முடியுமா?" என்று கேட்டபோது, எங்கள் முதலாளி சேட் வாயைத் திறக்கும் முன் நான் முடியும் என்றேன். பாத்திரம் தேய்ப்பவளின் மகள் அந்தத் தெருவுக்கே ஒரு மலையைக் காட்டப்போகிறாள் என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டது. அதை நான் அடக்கவில்லை.

இரண்டு முறை டிரைவர் காக்காவோடு முன்கூட்டியே அந்தப் பாதையில் போய்வந்தேன். பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து பதினாறு அங்குலம். அதற்குப் பாதி உயரத்தில் தச்சரிடம் ஒரு மரப்படி செய்யச் சொன்னேன். அதன் அடியில் ரப்பர் ஒட்டச் சொன்னேன். அணைநீரை ஒட்டி வரும் சாலையில் எந்த வளைவில் குலுக்கல் அதிகம் என்று குறித்தேன். உச்சியில் கோவிலுக்கு முன்னால் ஒரு சமதளம் இருக்கிறது; அங்கே பஸ்ஸை எந்தக் கோணத்தில் நிறுத்தினால் இடப்பக்க ஜன்னல்கள் கைப்பிடிச் சுவருக்கு மேலாக நேரே பள்ளத்தாக்கைப் பார்க்கும் என்று காக்காவை நான்கு முறை முன்னும் பின்னும் எடுக்கவைத்தேன். பிறகு அந்த இடத்தில் டயருக்குப் பக்கத்தில் கல்லை வைத்து அடையாளம் செய்தோம். இறங்கவே முடியாதவர்களுக்கு இடப்பக்க ஜன்னல்கள். மூன்றாவது ஜன்னலில் கண்ணாடி அடியில் சட்டம் இல்லை. பார்வை தடையில்லாமல் கீழே இறங்கும். அது சுபேதார் அம்மாவுக்கு. அவ்வளவு கருத்தாகத்தான் செய்தேன். இன்று நினைக்கும்போது வலிப்பது அதுதான். அலட்சியமாகச் செய்திருந்தால் என்னை எளிதாகத் திட்டிக்கொண்டு முடித்திருப்பேன்.

கழிப்பறையையும் நான் மறக்கவில்லை. வழியில் இரண்டு இடம் பார்த்துவைத்தேன். சுத்தமாக இருந்தன, ஆனால் இரண்டும் குந்தி உட்காருபவை. கேம்பில் நோயாளிகளுக்கான சாமான் வாடகைக்கு விடும் கடையில், நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி கிடைக்கும். தேவைப்பட்டால் அதை ஏற்றிக்கொள்ளலாம், சுற்றிக் கட்டத் திரைத்துணியும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தேன். யாருக்குத் தேவை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் படிவம். பதினொரு கேள்விகள், ஆங்கிலத்தில், கம்ப்யூட்டரில் நானே அடித்தது. நடக்கச் சிரமம் உண்டா, மருந்து எதுவும் சாப்பிடுகிறாரா, நோய் ஏதும் உண்டா என்று போய், எட்டாவது கேள்வி: குந்தி உட்காருவதில் சிரமம் உண்டா? தமிழில் எழுதியிருக்கலாம். அப்போது என் தமிழ் எழுத்து கோணலாக இருக்கும். பள்ளியில் படித்ததெல்லாம் மராத்தியும் ஆங்கிலமும். கோணல் எழுத்தை அந்த வீடுகளில் காட்ட எனக்கு விருப்பமில்லை.

படிவங்கள் இரண்டே நாளில் திரும்பி வந்தன. பதின்மூன்றில் எட்டாவது கேள்விக்கு "நோ." ஒருவர் மட்டும் மனைவியின் படிவத்தில் "பொருந்தாது" என்று எழுதியிருந்தார். பெண்களின் படிவங்களைப் பெண்கள் யாரும் எழுதவில்லை. கணவர்கள் எழுதினார்கள், விதவைகளுக்கு மகன்கள். அந்த ஆண்களில் பெரும்பாலோர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். மெடிக்கல் கேட்டகிரி இறங்கினால் பதவி உயர்வு போகும் என்பதால், வருடாவருடம் காதடைப்பு, முதுகுவலி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று எழுதிப் பழகிய கைகள். படிவம் என்றால் அவர்களுக்கு அது ஒரு தேர்வு. ஆம் என்று எழுதினால் ஆளை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மனைவியை எப்படியாவது தேர்வில் ஜெயிக்கவைக்கவேண்டும் என்று சுபேதார் ஐயா பதினொரு கேள்விக்கும் பெரிய எழுத்தில், கோடு பிசகாமல், நோ எழுதியிருந்தார். மருந்து எதுவும் சாப்பிடுகிறாரா என்ற கேள்விக்கும் நோதான்.

சுபேதார் அம்மா வீட்டில் கமோடு வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது எனக்குத் தெரியும். அதைக் கழுவுவது என் அம்மா. ஆனாலும் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு வசதிக்கு வைத்திருப்பார்கள், வெளியே சமாளிப்பார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கடைக்கு போன் செய்து கமோடு நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் இதை வீட்டில் சொன்னபோது அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"எல்லாரும் வேணாம்னா எழுதிக் குடுத்தாங்க? நான் ஒருதரம் போய்ப் பொம்பளைங்களக் கேட்டுக்கினு வரட்டா?"

"நீ எதுக்கும்மா? எல்லாம் எழுதி வாங்கியாச்சு. இது ஆபீஸ் வேலை."

"இல்ல, அந்தம்மா வெளிய போறதுன்னா..."

"உனக்குப் புரியாதும்மா, விடு."

அம்மா விட்டுவிட்டாள். நான் சொன்னதை அவள் எப்போதுமே மறுத்ததில்லை. படித்த மகள் சொல்கிறாள் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

மழை ஓய்ந்து பச்சை மாறாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மரப்படி கச்சிதமாக இருந்தது. சுபேதார் அம்மா அரக்குப் பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து வந்திருந்தார். ஏறுவதற்குள் மூன்று முறை நின்றார். "கல்யாணத்துக்குக்கூட என்ன இப்டி கை புடிச்சி ஏத்தல இந்த மனுசன்" என்றார். சுபேதார் ஐயா, "அப்ப நீ ஓடி ஏறுவ" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. எல்லாருடைய மடியிலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தேன்.

முதல் நிறுத்தத்தில் போஹா என்ற அவல் உப்புமாவும் டீயும். ஆண்கள் இறங்கிக் கழிப்பறைக்குப் போய்வந்தார்கள். பெண்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். டீயை உதட்டில் ஒற்றிவிட்டு, சூடு அதிகம் என்று கீழே வைத்தார்கள். யாராவது போகவேண்டுமா என்று வாசலில் நின்று பொதுவாகக் கேட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று கோரஸாகச் சொன்னார்கள். இரண்டாவது நிறுத்தத்திலும் அப்படித்தான். எவ்வளவு ஒழுங்கான குழு என்று மகிழ்ந்து, "பெண்கள் கழிப்பறை பயன்படுத்தவில்லை. இருபது நிமிடம் மிச்சம்" என்று நோட்டில் எழுதினேன். அந்த வரியை எழுதிய கை இதுதான்.

மலை ஏறத் தொடங்கியதும் சுபேதார் அம்மாவின் பேச்சு குறைந்தது. களைப்பு என்று நினைத்தேன். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். குளிர்ந்த காற்று வந்தது. "இன்னும் தொற" என்றார். அதற்குமேல் திறக்க இடமில்லை. மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்று நின்று இழுத்தது, உதடு நீலமாக மாறியது. "வண்டியைத் திருப்பு" என்று சுபேதார் ஐயா கத்தினார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். பெரிய வண்டி திரும்புவதற்கு அந்தப் பாதையில் உச்சியின் சமதளத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. அதனால் அவரை அப்படியே வைத்துக்கொண்டு மேலேயே போனோம்.

உச்சிக்குப் போனபோது சமதளத்தில் எதிரே ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அது நகரும்வரை காக்கா பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். பழகிய கை, நாங்கள் குறித்துவைத்த அதே இடத்தில் அதே கோணத்தில் நிறுத்தியது. மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே நான் அளந்துவைத்தபடியே எல்லாம் இருந்தது. மேகம் விலகி, பச்சைச் சரிவுகள் மடிப்பு மடிப்பாக இறங்கி, அடியில் ஓர் ஆறு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. சுபேதார் அம்மா தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக மூடி, ஒவ்வொரு மூச்சுக்கும் போராடிக்கொண்டிருந்தார். பள்ளத்தாக்கு அவருடைய தோளிலிருந்து இரண்டு முழத்தில் இருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த அதை நானும் பார்க்காமல் நின்றேன். யாருமே பார்க்கவில்லை. லாரி நகர்ந்தது. காக்கா பஸ்ஸைத் திருப்பினார்.

அடிவாரத்து ஊரில் ஒரு டாக்டர் ஊசி போட்டு, ஆம்புலன்சில் புனேக்கு அனுப்பினார். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது, தினமும் சாப்பிடும் மருந்தை விட்டாரா என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மலையின் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சுபேதார் ஐயா உறுதியாகச் சொன்னார். உண்மையை என் அம்மாதான் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள், நர்சு வெளியே போயிருந்தபோது, சுபேதார் அம்மா என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: இதயத்துக்காக ஒரு நீர் மாத்திரை உண்டு; சாப்பிட்டால் அரை மணிக்கொரு தரம் போகவேண்டும். அதனால் இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டார். முதல் நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை. அவர் மட்டுமில்லை, எட்டுப் பெண்களும் தண்ணீரை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தார்கள். குந்த முடியாது, குந்தினால் எழுந்திருக்க முடியாது, ஆம்பிளைகள் நிறைந்த பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாய் வராது. தங்களுக்குள் போனில் பேசி முடிவுசெய்துகொண்ட விஷயம் அது. பஸ்ஸைக் கழுவும்போது காக்கா எடுத்து வைத்திருந்த பாட்டில்களில் எட்டு சீல் உடையாமல் இருந்தன.

"அந்தம்மா டாக்டர் கிட்ட போறதுக்கே மொத நாள்லேர்ந்து தண்ணி குடிக்காதும்மா" என்றாள் அம்மா. அன்று நான் வெட்டிய வாக்கியத்தின் மிச்சம் அது. அதோடு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

சுபேதார் ஐயாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவருடைய பதினொரு "நோ"க்களையும் எடுத்து அவர் முன்னால் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஆபீசுக்கு வந்து, சேட்டின் முன்னால், "உங்க ஆபீஸ் பொண்ணு போட்ட பிளான்ல ஒரு பிசகு இல்ல. நான் பாத்த ஆபீசருங்க எவனும் இப்டி ரெக்கி பண்ணல" என்று சொல்லிவிட்டுப் போனார். முன்கூட்டிப் போய்ப் பார்ப்பதற்கு ராணுவத்தில் அப்படிச் சொல்வார்கள். சேட் என் படிவத்தை எல்லாப் பயணங்களுக்கும் வைத்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

சுபேதார் அம்மா வீடு திரும்பினார். அதற்குப் பிறகு அவரை வாசல் தாண்ட ஐயா விடவில்லை. ஒருமுறை பார்க்கப் போனேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கி உட்காரவைத்திருந்தார்கள். அன்று நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன். "சொன்னா நீ இன்னா பண்ணுவ, அந்த மூத்திரச் சேரைத் தூக்கிக்கினு வருவ. உன்ன அதுக்கா உங்கம்மா படிக்க வெச்சா?" என்றார். தலையணையில் சாய்ந்துகொண்டு, "எட்டிப் பாக்கற வரைக்கும்தான். அது வரைக்கும் அடக்கிக்கலாம்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "எப்டி இருந்துச்சி?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாமல், அளக்கப் போனபோது பார்த்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன் இறந்துவிட்டார்.

அம்மாவை நான் வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். என் சம்பளம் போதும், இனி நீ யார் வீட்டிலும் பாத்திரம் தேய்க்கக்கூடாது என்றேன். அதை இப்போதும் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை வருடம் கழித்து, போன மாதம், புனேயின் கராடிப் பகுதியில் மென்பொருள் வேலையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு அதே மலையைக் காட்டவேண்டும் என்று கேட்டார்கள். இந்த முறை நான் படிவம் கொடுக்கவில்லை. வீடு வீடாகப் போனேன். அந்த அம்மாக்களைத் தனியாக அழைத்து, சமையலறையில் நின்று, தமிழில், வெட்கப்படாமல் கேட்டேன். ஒன்பது பேரும் என் பையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, ஒரே மாதிரி சிரித்துச் சொன்னார்கள்: "அதெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லம்மா." கமோடு நாற்காலியைக் கேட்காமலே ஏற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொன்னவர்களை எப்படி அதில் உட்காரவைப்பது? நிறுத்திய மாத்திரையை யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நீ ஒருதரம் வந்து கேளும்மா. உன்கிட்ட சொல்லுவாங்க."

அம்மா காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள்.

"அப்ப நான் கீழ குந்திக்கினு பாத்திரம் தேய்ப்பேன். அவங்க பாட்டுக்குப் பேசுவாங்க. இருக்கறாளா இல்லயான்னு யாரும் பாக்க மாட்டாங்க. இப்ப போனா ஆபீசர் அம்மான்னு சோபால உக்கார வெப்பாங்க, டீ குடுப்பாங்க. என்கிட்ட எவ சொல்லுவா?"

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள்.